ஆங்கில வாக்கியத்தில் ஒரு ‘ஹேட்’ (had) எப்போது தேவை?

(திரையில்: வென் ஷி கேம் இன், ஹி ஸ்டாப்ட் சிங்கிங்.)

அவள் உள்ளே வந்ததும் அவன் பாடுவதை நிறுத்தினான். கடைசி வரியாவது அவள் காதில் விழுந்திருக்கும். இதே வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கிறேன்.

(திரையில்: வென் ஷி கேம் இன், ஹி ஹேட் ஸ்டாப்ட் சிங்கிங்.)

இப்போது அவள் வருவதற்கு முன்பே பாட்டு நின்றுவிட்டது. வந்தபோது அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. நடந்த சம்பவமே வேறு, பாருங்கள்.

முதலாவது சிம்பிள் பாஸ்ட், இரண்டாவதில் இருக்கும் ‘ஹேட் ஸ்டாப்ட்’ பாஸ்ட் பெர்ஃபெக்ட். ஹேட், அதன்பின் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம். ‘ஹேட் வென்ட்’ கிடையாது, ‘ஹேட் கான்’.

சரி, இதை எங்கே போடுவது? ரொம்ப காலத்துக்கு முன்பு நடந்தால் ஹேட் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விண்வெளிக்கு முதலில் போன ககாரின் 1968-இல் இறந்தார்; அதை ‘ககாரின் டைட் இன் 1968’ என்று சொல்ல சிம்பிள் பாஸ்ட் போதும். ஆனால் 1969-இல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த நேரத்திலிருந்து பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்றால், ‘பை தென், ககாரின் ஹேட் டைட்’. அப்படித் திரும்பிப் பார்க்க கடந்த காலத்தில் ஒரு நேரம் இருந்தால்தான் ஹேட்டுக்கு வேலை.

நாம் அதிகம் இடறுவதும் இங்கேதான். ‘நேற்று போயிருந்தேன்’ என்று பேசிப் பழகியதால் ‘ஐ ஹேட் கான் தேர் எஸ்டர்டே’ என்று வாயில் வந்துவிடுகிறது. கேட்பவர், அப்புறம் என்ன ஆச்சு என்று காத்திருப்பார். ‘ஐ வென்ட் தேர் எஸ்டர்டே’, அவ்வளவுதான்.

நடந்த வரிசையிலேயே சொன்னால் ஹேட் வேண்டாம். பிஃபோர், ஆஃப்டர் வந்தாலும் எது முந்தியது என்று அந்தச் சொற்களே காட்டிவிடும். ‘ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட், ஐ லெஃப்ட்’ நல்ல ஆங்கிலம். அங்கே ஹேட் சேர்த்தால் பிழையில்லை, ஆனால் நான் சேர்க்க மாட்டேன். வென் வரும்போதுதான் கவனம் வேண்டும், அது தானாக வரிசையைச் சொல்லாது.

கதை எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய நினைவுக்குள் போகும்போது முதல் ஓரிரு வாக்கியங்களில் மட்டும் ஹேட் போடுங்கள். வாசகர் கூடவே வந்துவிட்டார் என்றால் சிம்பிள் பாஸ்டுக்கு மாறிவிடலாம். பத்தி முழுக்க ஹேட், ஹேட் என்று போனால் படிக்கச் சலிக்கும். நினைவு முடிந்து கதைக்குத் திரும்பும் இடத்தில் ‘நவ்’ போல ஒரு சொல்லை வையுங்கள். இல்லாவிட்டால் எது பழையது, எது இப்போது நடப்பது என்று வாசகர் தடுமாறுவார்.