ஒஃபீலியாகிட்ட யாரு கேட்டா?

தலைவர் அவர்களே, மழையில நனைஞ்சு வந்து முன்வரிசையில உக்காந்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்துன நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பின்னாடி நின்னுட்டிருக்கிற பிள்ளைங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஷேக்ஸ்பியரோட ஹேம்லெட் நாடகத்துல மூணு பேரை விமர்சகர்களும் மத்தவங்களும் எப்படிப் பாத்தாங்கன்னு பேசப்போறேன். இளவரசன் ஹேம்லெட், அவன் அம்மா ராணி கெர்ட்ரூட், அவனைக் காதலிச்ச ஒஃபீலியா. எங்க பாட்டி அடிக்கடி சொல்லும், ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு. அதேதான் இங்கயும்.

ஹேம்லெட்டுக்கு வெண்ணெய். அப்பாவைக் கொன்னு ராஜாவான சித்தப்பனைப் பழிவாங்க ஏன் இவ்ளோ தாமதம்னு கேட்டா, அழகான ஜாடியில ஓக் மரத்தை நட்டா ஜாடிதானே உடையும்னார் ஜெர்மன் கவிஞர் கதே, யோசனை கூடிப்போயி செயல் நின்னுபோச்சுன்னார் இங்கிலீஷ் கவிஞர் கோல்ரிட்ஜ், மனசை ஆராய்ஞ்ச ஃப்ராய்டு வழியில வந்த எர்னஸ்ட் ஜோன்ஸ் 1910ல, அம்மா மேல அவனுக்கே தெரியாத ஆசைன்னார். திரைக்குப் பின்னால நின்ன ஒஃபீலியாவோட அப்பா பொலோனியஸை யாருன்னுகூட பாக்காம குத்திக் கொன்னவனுக்கு இத்தனை பரிவு.

புருஷன் செத்ததும் அந்தச் சித்தப்பனையே கட்டிக்கிட்ட கெர்ட்ரூடுக்குச் சுண்ணாம்பு. 1904ல பிராட்லிங்கிற விமர்சகர், மந்தமானவ, வெயில் காயிற ஆடு மாதிரி சுகமா இருக்க ஆசைப்பட்டவன்னு எழுதிட்டார். 1957லதான் கேரலின் ஹைல்பிரன்ங்கிற விமர்சகர், அவ பேசுறதைக் கவனிங்க, சுருக்கமா தெளிவா பேசுறான்னு காட்டுனாங்க. மகன் கொலையைப் பத்தி சொன்னதும் "ராஜாவைக் கொல்றதா?"ன்னு திகைச்சுப் போறாளே. 1603ல வந்த முதல் பதிப்புல கொலை தனக்குத் தெரியாதுன்னு சத்தியமே பண்றா.

இப்ப ஒஃபீலியா. அப்பா பொலோனியஸ் செத்துட்டார், கொன்னது அவ காதலிச்ச ஹேம்லெட், அப்ப அவ அண்ணன் பிரான்ஸுல. ரோஸ்மேரி நினைவுக்குன்னு சொல்லி பூ குடுத்துப் பாடுறா, அப்பா செத்தப்பவே வயலெட் எல்லாம் வாடிப்போச்சுங்கிறா. ஹேம்லெட் மாறிட்டான்னதும் ரெண்டு ஃபிரெண்ட்ஸை வரவழைச்சு விசாரிக்கச் சொன்ன அரண்மனை இது. இவ வந்து நின்னப்ப ராணி முதல்ல சொன்னது "நான் அவகிட்ட பேச மாட்டேன்". ராஜா, பின்னாடியே போயி கவனிங்கன்னு ஆளை அனுப்புறான், அதுக்கப்புறம் ஒஃபீலியா ஆத்துல மூழ்கிட்டாள்னு சேதி வருது.

ஒண்ணு சொல்றேன், கேளுங்க. 1852ல லண்டன்ல மில்லேங்கிற ஓவியர் ஒஃபீலியா தண்ணியில மிதக்குறதை வரையுறார். ஆத்தங்கரையை முந்தின வருஷமே வரைஞ்சாச்சு. இப்ப எலிசபெத் சிடல்னு ஒரு பொண்ணு, 22 வயசு, வெள்ளிச் சரிகை போட்ட பழைய கவுனோட தொட்டித் தண்ணியில படுத்திருக்கு, குளிர்காலம், சூடு போகாம இருக்க தொட்டிக்கு அடியில எண்ணெய் விளக்கு. ஒருநாள் விளக்கு அணைஞ்சுபோச்சு. ஓவியர் வரையுற மும்முரத்துல கவனிக்கல, அந்தப் பொண்ணும் வாயத் திறக்கல, ஜில்லுன்னு ஆன தண்ணியில அப்படியே கெடந்துச்சு. காய்ச்சல் வந்து படுத்துருச்சு, டாக்டர் செலவைக் குடு, இல்லன்னா கேஸ் போடுவேன்னு அவ அப்பா நின்னார். படம் இன்னைக்கும் லண்டன்ல டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துல தொங்குது, அவ்ளோ அழகா இருக்கும். ஆனா "குளிருதாம்மா?"ன்னு கேக்க அங்க ஒரு ஆள் இல்ல.

அதனாலதான் ரெண்டு வருஷமா நான் கேட்டுட்டே இருக்கேன், எங்க காலேஜுக்கு ஒரு முழுநேர மனநல கவுன்சிலர் வேணும், தனி ரூம் வேணும். நல்லா படிக்கிற பையன் மார்க் குறைஞ்சா ஸ்டாஃப் ரூமே கூடிப் பேசுது, ஒரு பொண்ணு பேச்சை நிறுத்திட்டா "திமிரு"ன்னு முடிச்சுர்றாங்க. வெண்ணெயும் சுண்ணாம்பும் இங்கயும்தான். வாசல் டேபிள்ல அதுக்கான மனு இருக்கு, பேனாவும் இருக்கு, தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்து போட ஒத்துக்கிட்டார், மத்தவங்க வரிசையா வாங்க.