எட்டே நகர்த்தலில் ஒரு பாடம்

நேயர்களுக்கு வணக்கம். செஸ் கற்றுக்கொள்ளும் எந்தக் குழந்தையும் முதல் வருடத்திலேயே சந்தித்துவிடுகிற ஓர் ஆசிரியரைப் பற்றி இன்று பேசுகிறேன். பெயர் ஜோவாக்கினோ கிரேக்கோ. 1600 வாக்கில் தென் இத்தாலியின் கலாப்ரியாவில், கொசென்சாவுக்குப் பக்கத்துச் சிற்றூரான செலிகோவில் பிறந்தவர். ரோம், பாரிஸ், லண்டன், மாட்ரிட் என்று ஊர் ஊராகப் போய் ஆடினார். ஆதரித்த பிரபுக்களுக்குத் தன் ஆட்டங்களைக் கையெழுத்துப் பிரதிகளாக எழுதிக் கொடுத்தார்.

அவருக்கு முன்னாலும் புத்தகங்கள் இருந்தன. ஸ்பெயினின் ரூய் லோபஸ் 1561இலேயே எழுதிவிட்டார். ஆனால் அந்த நூல்களின் பலம் பெரும்பாலும் தொடக்க நகர்த்தல்களில்தான். கிரேக்கோ ஆட்டத்தைச் செக்மேட் வரை கொண்டுபோனார். தோற்பவர் எங்கே ஆசைப்பட்டார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது கண்முன்னே தெரியும்.

ஒன்றைச் சொல்கிறேன், பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு தன் பிஷப்பை ஓரத்தில் நிறுத்தி, வெள்ளையின் மூலை யானையைக் குறிவைக்கிறது. வழியில் நிற்கும் சிப்பாயையும் வெட்டிவிடுகிறது. அடுத்து யானைதான். அதற்குள் வெள்ளை ராணி பாய்ந்து வந்து செக் வைக்கிறது. கறுப்பு சிப்பாயை நகர்த்தித் தடுக்கிறது. வெள்ளைச் சிப்பாய் அதையும் வெட்டுகிறது. கறுப்புக் குதிரை ராணியைத் தாக்குகிறது. ராணி அசையவில்லை! சிப்பாய் இன்னொன்றை வெட்டி விலக, ராணியின் செக் மறுபடி திறக்கிறது. குதிரை ராணியை வெட்டுகிறது. அப்புறம் வெள்ளை பிஷப் ஒரே தாவல், எட்டாவது நகர்த்தலில் மேட்.

இப்படி நிஜமாகவே யாராவது ஆடித் தோற்றார்களா? இவற்றில் பலவற்றை கிரேக்கோ தானே அமைத்திருக்கலாம் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. மாணவன் எந்த இடத்தில் தவறுவான் என்று முன்கூட்டியே யோசித்து ஆட்டம் அமைப்பவர்தானே நல்ல ஆசிரியர்?

கோட்டை கட்டிய, அதாவது பாதுகாப்புக்காக யானைப் பக்கம் ஒதுங்கிய, ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயைப் பிஷப்பால் வெட்டி, அந்தப் பிஷப்பைப் பலி கொடுத்து, குதிரையையும் ராணியையும் உள்ளே இறக்கும் தாக்குதலும் அவர் பிரதிகளில் இருக்கிறது. இன்றும் பயிற்சியாளர்கள் அதைத் தனிப் பாடமாக நடத்துகிறார்கள்.

1634 வாக்கில், நாற்பது வயதைத் தொடும் முன்பே, மேற்கிந்தியத் தீவுகளில் அவர் இறந்ததாகச் சொல்வார்கள். ஆட்டங்கள் லண்டனில் அச்சேறியது 1656இல்தான். 1749இல் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோரின் செஸ் நூல் வரும்வரை, ஐரோப்பாவில் செஸ் படிக்க உட்கார்ந்தவர்களில் பலரும் பிரித்தது கிரேக்கோவைத்தான்.