சூடு எப்போது வந்து சேரும்?

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை வெயிலில் வளவு முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆனால் கனத்த சுவருக்கு இந்தப் பக்கம் அறை குளுகுளுவென்று இருக்கும். வெளிச்சுவரில் பட்ட சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்தப் பயண நேரத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கார்பன் இழைத் துணியை எபாக்ஸி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கிய தகடு விமான இறக்கையில்கூட இருக்கிறது. அதற்குள் சூடு பரவும் வேகத்தை அளக்க, கல்யாண வீட்டு போட்டோக்காரர் வைத்திருப்பாரே, அந்தப் பெரிய ஃப்ளாஷை முன்பக்கம் ஒருமுறை மின்னவிட வேண்டும். சூட்டை வண்ணப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்பக்கச் சூடு மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்கும். ஓரிரு டிகிரி ஏறினாலே போதும். அந்த ஏற்றத்தில் பாதியைத் தொட எத்தனை விநாடி ஆனது என்று பாருங்கள். தகட்டின் தடிமனை அதே தடிமனால் பெருக்கி, மறுபடி 0.1388ஆல் பெருக்கி, அந்த விநாடியால் வகுத்தால் பரவுதிறன், அதாவது சூடு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதன் அளவு, வந்துவிடும். 1961இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பார்க்கரும் உடனிருந்தவர்களும் கண்ட வழி இது. 2 மில்லிமீட்டர் தகட்டில் 1.2 விநாடி ஆனால், விநாடிக்கு 0.46 சதுர மில்லிமீட்டர். எத்தனை டிகிரி என்ற கணக்கே இதில் வரவில்லை, கவனித்தீர்களா? எப்போது என்பது மட்டும்தான். தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. நம் சுவரிலும் தடிமன் கூடக் கூடச் சூடு வந்து சேரும் நேரம் தள்ளிப்போகும்.

தெர்மல் கேமராவின் வண்ணப் படத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள்: கை வைக்க முடியாத செம்பு, படத்தில் ஆறிப்போனதுபோல் இருக்கும். அதில் தெரிவது எதிரே நிற்கும் உங்கள் முகத்தின் சூடு. செம்பில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டுங்கள். அந்தத் துண்டு மட்டும் கொதிப்பதாகத் தெரியும். நம் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சோ, கண்ணாடிபோல் மின்னினாலும் இப்படி ஏமாற்றாது. பளபளப்பு கண்ணுக்குத்தான், கேமரா பார்க்கும் கதிரில் அது சூட்டை நன்றாகவே உமிழும்.

அதனால் தகட்டின் இருபக்கமும் பளபளப்பில்லாத கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் வேண்டும், மெல்லிசாக. தடித்துப்போனால் பெயிண்டைக் கடக்கும் நேரமும் கணக்கில் ஏறிவிடும். கண்ணாடியிழைத் தகட்டில் பெயிண்ட் அடிக்காவிட்டால் ஃப்ளாஷ் வெளிச்சமே உள்ளே புகுந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள். கேமரா அவ்வப்போது 'டிக்' என்று தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த நொடியில் படம் உறைந்துவிடும். அளக்கும்போது அந்த வசதியை அணைத்து வையுங்கள். விநாடிக்கு ஒன்பது படம் எடுக்கும் கேமராவுக்கு 1 மில்லிமீட்டர் தகடு ஆகாது. மூன்று படத்துக்குள் பாதி ஏற்றம் முடிந்துவிடும்.

நேரம் நெருங்கிவிட்டது. இழைத் திசையை விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். எல்லா இழையும் ஒரே வாக்கில் ஓடும் மெல்லிய தகட்டில் ஒரு புள்ளியைச் சூடாக்கினால் படத்தில் வட்டம் வராது, முட்டை வடிவம் வரும். இழை ஓடும் வாக்கில் சூடு விரைந்து ஓடும். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு என்றால் பரவுதிறன் ஒன்பது மடங்கு. 1847லேயே பிரெஞ்சு இயற்பியலாளர் சேனார்மோன் படிகத்தின்மேல் மெழுகு பூசி, அது உருகிய வடிவத்தில் இதைப் பார்த்தார். வணக்கம்.