வர்க்கலைச் செங்குன்று: கடல் பாதி, நாம் பாதி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து கொல்லம் பக்கம் போகிற ரயிலில் ஏறினால், திருவனந்தபுரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வர்க்கலை சிவகிரி ஸ்டேஷன் வந்துவிடும். உங்களில் பலர் அங்கே இறங்கியிருப்பீர்கள். டிசம்பர் கடைசியில் மஞ்சள் உடுத்திக்கொண்டு நாராயண குருவின் சமாதிக்குப் போனவர்கள் உண்டு. ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குப் போனவர்கள் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் நேரே கடற்கரைக்கு ஓடுவார்கள். எதற்காகப் போனாலும், அந்தச் சிவந்த குன்றின் விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்க்காமல் யாரும் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் குன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். மாணவர்களை வருஷா வருஷம் அங்கே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் போகிறேன். அந்தக் குன்று தேய்கிறது என்பதும், அதற்கு மேலும் கீழும் நிற்கிற மனிதர்கள் அதைக் கவனிப்பதில்லை என்பதும் என்னை நீண்ட காலமாக அரித்துக்கொண்டிருக்கிற கவலை.

ஆலப்புழை, கொல்லம் பக்கம் பார்த்திருப்பீர்கள். கடல், மணல், காயல், தென்னந்தோப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும். வர்க்கலைக்கு வந்தால் நிலம் சட்டென்று எழும்பி, கடலைப் பார்த்துச் சுவர் போல நிற்கிறது. சில இடங்களில் 25 மீட்டர் உயரம் வரும். 1882இல் வில்லியம் கிங் என்ற நிலவியலாளர் திருவிதாங்கூர் முழுக்க ஆராய்ந்து எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். இங்கே தெரியும் பாறை அடுக்குகளுக்கு அவர் ஊர்ப் பெயரையே வைத்தார். இன்றைக்குக் கேரளக் கரையில் வேறு எங்கே தோண்டி அதே அடுக்கு வந்தாலும் வர்க்கலை அடுக்கு என்றுதான் எழுதுகிறோம்.

கோயிலில் ஒரு மணி இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. அந்தக் காலத்தில் ஒரு டச்சுக் கப்பல் இந்தக் கரைக்கு நேரே வந்து, காற்றில்லாமல் நின்றுவிட்டதாம். நாள் போகிறது, பாய் அசையவில்லை. கப்பல் தலைவர் கரையில் தெரிந்த குன்றையும் கோயிலையும் பார்த்து ஆள் அனுப்பினார். கோயிலில் பூசை செய்தார்கள். காற்று எழும்பியது. புறப்படும் முன்பு, வேண்டிக்கொண்டபடி கப்பலில் இருந்த மணியை அவிழ்த்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். மணி இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையை மாணவர்களிடம் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். அத்தனை நீளக் கரையில் அந்த மாலுமியின் கண் ஏன் இந்த இடத்தில் நின்றது? பிள்ளைகள் யோசிப்பார்கள். ஒரு பெண் சொன்னாள்: "சார், மத்த இடமெல்லாம் தென்னைமரம் மட்டும்தான் தெரியும். இது செவப்பா நிக்குது." அவ்வளவுதான் விஷயம். கலங்கரை விளக்கம் இல்லாத நாளில், நாம் எங்கே வந்திருக்கிறோம் என்று கடலில் இருப்பவனுக்குச் சொன்னது இப்படிப்பட்ட குன்றுகள்தான். கோயில் அங்கே அமைந்ததற்கும் அந்த உயரம் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கடலில் போனவனுக்கு உதவிய அதே குன்று, காயலில் போனவனுக்குப் பெரிய தடை. திருவனந்தபுரத்திலிருந்து கொல்லத்துக்கு வள்ளத்தில் சரக்கு கொண்டு போனால் வர்க்கலையில் வழி அடைபட்டுவிடும். இறக்கி, மேடு கடந்து, மறுபடி ஏற்ற வேண்டும். திருவிதாங்கூரை ஆண்ட ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், மாதவ ராவ் திவானாக இருந்தபோது, இந்த மேட்டைக் குடைந்து கால்வாய் கொண்டுபோக வேலை ஆரம்பித்தார்கள். இரண்டு சுரங்கம். அடியில் வள்ளம் போயிற்று. இந்தச் சுரங்கத்தைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம். சரி, இப்போது குன்றுக்கு வருவோம்.

படம் போட்டுக் காட்ட வழியில்லை, ஆகவே மேலிருந்து கீழே வார்த்தையாலேயே இறங்குகிறேன். உச்சியில் செம்புரைக்கல், மலையாளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். வெட்டும்போது மென்மையாக இருக்கும், வெயிலும் காற்றும் பட்டால் இறுகும். மலப்புறம் பக்கம் அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்துத்தான் புக்கானன் என்ற வெள்ளைக்காரர் 1807இல் லேட்டரைட் என்று எழுதினார். நம்ம குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலும் இந்தக் கல் உண்டு. அதில் முழுக்கத் துளைகள். மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். அதற்குக் கீழே மணற்கல், லேசாக ஒட்டிய மணல். அதற்கும் கீழே களிமண், வெள்ளையும் மஞ்சளும் ஊதாவுமாக. நடுவே கருப்புப் பட்டைகள் தெரிந்தால் அது பழுப்பு நிலக்கரி, நெய்வேலியில் எடுக்கிறோமே, அந்த வகை.

இப்போது தண்ணீரோடு நாமும் இறங்குவோம். செம்புரைக்கல்லில் புகுந்தது, மணலில் இறங்கியது, களிமண்ணில் வந்து முட்டியது. களிமண் விடாது. ஆகவே தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக் குன்றின் முகத்தில் ஊற்றாகக் கசிகிறது. பாபநாசம் கடற்கரையில், நம்ம திருநெல்வேலிப் பாபநாசம் இல்லை, வர்க்கலைப் பாபநாசம், குன்றின் அடியில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். புனிதம் என்று நம்புகிறார்கள், நானும் தெளித்துக்கொள்வேன். ஆனால் அந்த ஊற்று போகிற வழியில் மணலை அரித்துக்கொண்டே போகிறது, களிமண்ணை வழுக்கலாக்கிக்கொண்டே போகிறது. மேலே கனமான கல், கீழே ஊறிப்போன மண். ஓதம் ஏறிய மண்சுவர் மேல் கான்கிரீட் தளம் போட்டால் என்ன ஆகுமோ அதுதான். ஒரு நாள் மேலே விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு விழும். அடுத்த மழையில் அந்த வெடிப்புக்குள் தண்ணீர் நிரம்பும். அப்புறம் ஒரு துண்டு அப்படியே கழன்று கீழே வரும்.

குன்று இடிகிறது என்றால் எல்லோரும் கடலைக் காட்டுகிறார்கள். இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அலை அடியில் மோதி அரிப்பது உண்மை. கடற்கரை மணல் அப்போது போய்விடுவதும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் கடல் பாதி, மேலிருந்து இறங்கும் தண்ணீர் பாதி. அந்த இரண்டாவது பாதி நம் கையில் இருக்கிறது. குன்றின் மேலே விளிம்பை ஒட்டி ஓட்டல், கடை, தங்கும் விடுதி வரிசையாக வந்துவிட்டன. கழிவுநீர்க் குழி, குளியலறைத் தண்ணீர், தோட்டத்துக்குப் பாய்ச்சும் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது? அந்தத் துளைக் கல்லுக்குள்தான். மழை சில மாதம் பெய்து நிற்கும். இந்தத் தண்ணீர் வருஷம் முழுவதும் நிற்காமல் இறங்குகிறது. திரும்பச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கடலைக் கல் போட்டுத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மேலே தண்ணீரை மூடிய வாய்க்காலில் பிடித்து, குன்றை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய் விட வேண்டும். விளிம்பிலிருந்து கட்டடங்கள் பின்வாங்க வேண்டும். அங்கே கடை வைத்திருப்பவர்களின் பிழைப்பு எனக்குப் புரிகிறது. குன்று போனால் அந்தப் பிழைப்பும் போய்விடும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கர்க்கடக வாவு, நம்ம ஆடி அமாவாசை. முன்னோருக்குப் பலி இட ஆயிரக்கணக்கானவர்கள் பாபநாசத்துக்கு வருகிறார்கள். நம்ம பக்கத்திலிருந்தும் குடும்பத்தோடு போகிறார்கள். அந்த நாள் எப்போது வருகிறது? தென்மேற்குப் பருவமழையின் நடுவில். குன்று நன்றாக ஊறியிருக்கும், அலை பெரிதாக இருக்கும், மணல் குறுகியிருக்கும், கூட்டமோ வருஷத்திலேயே அதிகம். வயதானவர்கள் மழைக்கு ஒதுங்கிக் குன்றைச் சாய்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அப்படி உட்கார வைக்காதீர்கள். குன்று எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அவ்வளவு அகலத்துக்கு மணல் இருக்காது. அப்படியானால் பலியை முடித்தவுடன் மேலே ஏறி வந்துவிடுவதுதான் வழி.

2024இல், பலி மண்டபத்தின் பின்னால் குன்று இடிந்து விழும் என்று பயந்து, மாவட்ட நிர்வாகம் இயந்திரம் வைத்து ஒரு பகுதியை வெட்டியது. புவியியல் ஆய்வுத் துறை அதை எதிர்த்தது, ஏனென்றால் அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. பலி இட வருபவர்களின் உயிர்தான் முதலில் என்பேன். ஆனால் குன்றை வெட்டியது நோய்க்கு மருந்து ஆகாது. வெட்டின முகம் புது முகம், அதிலும் தண்ணீர் கசியும். மேலே இருக்கிற தண்ணீரை நிறுத்தாமல் எத்தனை தடவை வெட்டுவது?

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2025இல் வர்க்கலை சேர்ந்தது பற்றியும், 2024 மார்ச்சில் அதே கடற்கரையில் மிதவைப் பாலத்தில் அலை அடித்துப் பலர் காயமடைந்தது பற்றியும் விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். இப்போது முடியாது. போகிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே வேலி இருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம், வேலி இல்லாத இடத்தில் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி. தரையில் வெடிப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். செல்பிக்காகப் பின்னால் நகராதீர்கள். இறங்குவது படிக்கட்டு வழியாக மட்டும். குன்றின் முகத்தில் பேர் செதுக்க வேண்டாம், பிள்ளைகளையும் தடுங்கள். மழை விட்டுவிட்டது, இனி பயமில்லை என்று அடியில் போய் நிற்க வேண்டாம், உள்ளே இறங்கிய தண்ணீர் அதற்குப் பிறகும் நாள் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். ஆடி அமாவாசைக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், காவல்துறையும் உயிர்காப்பாளர்களும் எந்த இடத்தில் நிற்கச் சொல்கிறார்களோ அங்கேயே நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.