சைக்கிள்காரரைக் கேட்டீர்களா?

(சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதை எழுத்தாக்கியது)

எல்லோருக்கும் வணக்கம். சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள், நான் சைக்கிளைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் ஒரு காலத்தில் டபுள்ஸ் அடித்தவர்தான்.

சைக்கிள் என்றதும் நம்மில் பலருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களும் பத்திரமாகப் போய் வரட்டும். ஆனால் நம் தெருவில் தினமும் சைக்கிள் மிதிப்பவர் யார்? விடியுமுன் பேப்பர் போடும் பையன், கேன் கட்டிக்கொண்டு டீ விற்கிறவர், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தம்பிகள், இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பும் வாட்ச்மேன், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள். இவர்களில் ஒருவர்கூட இன்று இங்கே இல்லை. நாம் கூப்பிடவும் இல்லை.

எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் அண்ணன் போன ஐப்பசியில் விழுந்தார். தண்ணீர் கணுக்கால் அளவுதான். தெருமுனையில் மழைநீர் இறங்குவதற்கு ஓர் இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள், அதன் கம்பிகள் வண்டி போகிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. கார் டயருக்கு அது ஒன்றுமே இல்லை, சைக்கிள் டயரோ அந்த இடுக்கில் கச்சிதமாக இறங்கிவிடும். முன்சக்கரம் நின்றது, மனிதர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தார், முன்பல் இரண்டு போயிற்று. அந்த முனையைப் பத்து வருடமாக நான் காரில் கடக்கிறேன், ஒரு நாளும் அது என் கண்ணில் பட்டதில்லை. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னார்: "எனக்குத் தெரியும் சார், வெயில் நாள்ல ஒதுங்கிப் போயிடுவேன். தண்ணியில தெரியல."

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நாம்தான் கேட்கவில்லை.

புகார் கொடுத்தோம். 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது, அந்த இரும்புச் சட்டம் அப்படியே இருந்தது. அப்புறம் மூன்று தெருக்காரர்கள் சேர்ந்து நேரில் போய் அனுமதி வாங்கி, பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து, குறுக்கே நான்கு கம்பி வைத்துப் பற்றவைத்தோம். அரை மணி நேர வேலை. இதற்கா இரண்டு பல் என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

நெதர்லாந்து மாதிரி நாடென்றால் சரி, இங்கே நடக்குமா என்று கேட்பார்கள். அங்கேயும் அது வானத்திலிருந்து விழவில்லை. 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000 பேருக்கு மேல், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று ஓர் இயக்கமே கிளம்பியது, பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்ற நெரிசலான பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளே தடுப்பு வைத்துத் தெருவை மறித்தார்கள். ஒதுங்கச் சொல்லிக் கார்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், நம் ஊர் மாதிரியே. 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இன்று நாம் படத்தில் பார்த்து ஏங்குகிற சைக்கிள் பாதையெல்லாம் அந்தச் சண்டைக்கு அப்புறம் வந்ததுதான்.

நம்மிடமும் சைக்கிளுக்கு ஓர் இயக்கம் இல்லாமல் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் கற்ற எல்லோருக்கும் தெரியும், பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவர ஓர் ஆள் வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு (நானும்தான்) ஒரு வேண்டுகோள். ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கும்போது ஓட்டுநர் பக்கக் கதவை இடது கையால் திறவுங்கள். நெதர்லாந்துக்காரர்களின் பழக்கம் இது. தூரத்துக் கையை நீட்டும்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். முதல் வாரம் சிரிப்பாக இருக்கும், என் வீட்டில் சிரித்தார்கள்.

வேகம் பற்றி நீட்ட விரும்பவில்லை. உட்தெருவில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போய் யாரும் எதையும் பிடித்துவிடப் போவதில்லை. பள்ளி விடும் நேரத்தில் வாசலை அடைத்து நிற்கும் வண்டிகளைப் பற்றி ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களிடம் பேசினேன், எங்களைக் குறை சொல்லும் முன் பிள்ளையை அழைக்க வருகிற கார்களை நூறடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்கள். நியாயம்தான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2022-இல் வந்த விதிகளின்படி வார்டுக் குழு, ஏரியா சபை என்று நமக்கு உட்கார்ந்து பேச இடமும் இருக்கிறது, குப்பைக்கும் தெருவிளக்குக்கும் போய் நிற்கிற நாம் இதற்கும் போய் நிற்கலாம்.

அந்த வடிகால் சட்டம் போல இன்னும் எத்தனை இருக்கிறதோ. சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, இருட்டியதும், பிள்ளையார் கோயில் முனையில் நிற்கப்போகிறோம். ஒளிரும் ஸ்டிக்கர் இரண்டு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன், விளக்கில்லாமல் வருகிற ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் ஒட்டுவோம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றித் தர சைக்கிள் கடை பாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், காசு சங்கக் கணக்கில். ஒட்டுகிற நேரத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்தத் தெருவில் நீங்கள் எங்கே பயப்படுகிறீர்கள்? பதிலை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகம் நான் கொண்டுவருகிறேன். வாட்ச்மேன் அண்ணனும் வருகிறார், பல் கட்டிவிட்டார்.