தோள்பட்டை அடிக்கடி இறங்கினால் துளை ஆபரேஷனா, திறந்து செய்வதா?

அடுத்த கேள்வி கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து. விசைப்படகில் வேலை பார்க்கிற தம்பி, வயது 26. "வலை இழுக்கும்போது வலது தோள்பட்டை இறங்கிவிடுகிறது, இதோடு நாலு தடவை. ஒரு டாக்டர் துளை போட்டுச் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் திறந்துதான் செய்யணும் என்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் செய்துகொண்டால் 61 நாள் போதுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, தழும்பு சின்னதா பெரிதா என்று பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை இது. எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதுதான் கணக்கு.

கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவோமே, தோள் மூட்டு அப்படித்தான். கை எலும்பின் தலை எலுமிச்சை, அது உட்காரும் குழி கரண்டி. அதுவும் ஆழமே இல்லாத கரண்டி. அதன் விளிம்பில் ஜவ்வு வரப்பு கட்டின மாதிரி ஓடும். முதல் தடவை இறங்கும்போது, அதாவது எலுமிச்சை கரண்டியை விட்டு நழுவும்போது, முன்பக்க வரப்பு கிழிகிறது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கரண்டியின் விளிம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, உடைகிறது.

ஜவ்வு மட்டும் கிழிந்திருந்தால் துளை வழியாகக் கேமரா விட்டு, எலும்பில் ஆங்கர் என்கிற சின்ன முளையைப் பதித்து, நூலால் தைத்துவிடலாம். குழியின் அகலத்தில் கால் பங்கு போயிருந்தால் அந்தத் தையல் நிற்காது. அதற்குத்தான் லட்டார்ஜே என்கிற திறந்து செய்யும் ஆபரேஷன். 1954-இல் மிஷேல் லட்டார்ஜே என்ற பிரெஞ்சு சர்ஜன் சொன்ன முறை. பெயரைப் பாண்டிச்சேரிக்காரர்கள் சரியாகச் சொல்வார்கள், நமக்குத்தான் நாக்கு புரளும்.

தோளின் முன்பக்கம் ஒரு விரல் நீளம் கீறுவோம். தோள் சதைக்கும் மார்புச் சதைக்கும் நடுவே இயற்கையாகவே ஓர் இடுக்கு உண்டு. அதில் நீலமாக ஒரு ரத்தக்குழாய் ஓடும், அதுதான் எங்களுக்கு வழிகாட்டி. அந்த இரண்டு சதைகளையும் வெட்டுவதில்லை, விலக்கிக்கொண்டு போவோம். உள்ளே காக்கை அலகு மாதிரி வளைந்த எலும்பு ஒன்று இருக்கும். அதன் நுனியை, ஒட்டியிருக்கிற தசைநாரோடு வெட்டியெடுத்து, தேய்ந்த விளிம்பில் வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுவோம். கரண்டிக்கு விளிம்பு கிடைத்துவிடும். கையைத் தூக்கும்போது அந்தத் தசைநார் முன்னால் கயிறு மாதிரி நின்று, எலுமிச்சை நழுவாமல் தடுக்கும்.

அதனால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுங்கள். எம்.ஆர்.ஐ. ஜவ்வை நன்றாகக் காட்டும், எலும்புக் கணக்குக்கு சி.டி.தான். வலிப்பு ஏதாவது உண்டென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கட்டுப்படுத்தாமல் எந்த ஆபரேஷன் செய்தாலும் வீண்.

சரி, தடைக்காலம். ஏப்ரல் 15-இல் செய்தால் ஜூன் 14-க்குள் வலை இழுக்க முடியாது. சில வாரம் கைத்தொட்டில், பிறகு பிசியோ. எலும்பு ஒட்டவே மூன்று மாதம் ஆகும். வலை இழுக்க நாலிலிருந்து ஆறு மாதம். பிப்ரவரி தொடக்கத்தில் செய்தால் தடைக்காலத்துக்கு முன்னால் இரண்டரை மாதம் சம்பாத்தியம் போகும், தடை முடிகிறபோது நாலு மாதம் தாண்டியிருக்கும். அப்போதும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வலை. வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதுவரை கடலில் தனியாக இறங்காதீர்கள். நீந்தக் கையை வீசும்போது தோள் இறங்கினால், கரை சேர ஒரு கைதான் மிச்சம்.