ஷூக்கரின் இடது கால்: 6 கோலும் கோல்டன் பூட்டும்

[திரை: ஷெஃபீல்டு, ஹில்ஸ்பரோ மைதானம், 16 ஜூன் 1996. குரோஷியா – டென்மார்க்]

குரல்: ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 96 போட்டி. ஆட்டம் முடியப்போகிறது, குரோஷியா 2-0 முன்னிலை. சக வீரர் அசானோவிச் நீளமாகப் போட்ட பந்து குரோஷிய முன்கள வீரர் டாவோர் ஷூக்கரிடம் வருகிறது. எதிரே டென்மார்க் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல். சற்று முன்புதான் ஷூக்கர் நடு மைதானத்திலிருந்தே அவர் தலைக்கு மேல் தூக்கி அடித்துப் பார்த்தார். ஷ்மைக்கேல் பின்னால் ஓடித் தடுத்துவிட்டார். அப்படியும் மறுபடி அதே அடி. இந்த முறை பந்து வலைக்குள். 3-0.

[திரை: ஸ்லோ மோஷன், கால் மட்டும் பெரிதாக]

குரல்: இதற்குப் பெயர் ‘சிப்’. பந்தின் அடிப்பாகத்தில் பாதத்தை வெட்டினாற்போல் இறக்கி, காலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பந்து பின்சுழற்சியோடு சட்டென எழும்பும். காலை முழுதாக வீசினால் பந்து கம்பத்துக்கு மேலே போய்விடும். அவசரப்பட்டால் கோல்கீப்பர் இன்னும் கோட்டருகே நிற்பார், சுலபமாகப் பிடிப்பார். தாமதித்தால் காலடியிலேயே விழுந்து அமுக்கிவிடுவார். கோல்கீப்பர் முன்னே வந்து உடலைத் தாழ்த்தும் அந்த அரை நொடிதான் நேரம். ஷூக்கரிடம் பெரிய வேகம் கிடையாது. அந்த அரை நொடிக்காகக் காத்திருக்கும் பொறுமை இருந்தது.

[திரை: ஓசியெக், ஸாக்ரெப், செவில்லா, மாட்ரிட் வரைபடம்]

குரல்: 1968-இல் ஓசியெக்கில் பிறந்தவர். ஊர் கிளப், டினமோ ஸாக்ரெப், 1991 முதல் செவில்லா. அங்கே ஒரு சீசன் மரடோனாவோடும் ஆடினார். 1996-இல் ரியல் மாட்ரிட். முதல் சீசனிலேயே லீக்கில் 24 கோல், சாம்பியன் பட்டம்.

[திரை: பிரான்ஸ் 1998]

குரல்: குரோஷியாவுக்கு இது முதல் உலகக் கோப்பை. ஜமைக்காவுக்கு எதிராக ஷூக்கர் ஒரு கோல், ஜப்பானுக்கு எதிராக ஒன்று. ருமேனியாவுக்கு எதிராகப் பெனால்டி. அடித்தார், கோல். ஆனால் உதைக்கும் முன்பே ஆட்கள் பெட்டிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று நடுவர் திரும்ப அடிக்கச் சொன்னார். இரண்டாவது முறை கோல்கீப்பருக்கும் ஒரு துப்பு கிடைத்திருக்கும், நெஞ்சு படபடக்கும். அதையும் உள்ளே போட்டார். 1-0.

காலிறுதியில் ஜெர்மனியை 3-0 என்று வீழ்த்தியதில் கடைசி கோல் இவருடையது. அரையிறுதியில் பிரான்ஸ். இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு அசானோவிச் பாஸ் கொடுக்கிறார். பிரெஞ்சு டிஃபென்ஸ் ஒரே கோட்டில் முன்னேற, துராம் மட்டும் ஓரடி பின்தங்கிவிட்டார். அதனால் ஆஃப்சைடு (பாஸ் வரும்போது டிஃபென்ஸைத் தாண்டி நிற்கும் தவறு) இல்லை, ஷூக்கர் கோல். அடுத்த நிமிடமே அதே துராம் பதிலடி கொடுத்தார், பிறகு இன்னொன்றும் போட்டார். பிரான்ஸுக்காக அவர் வாழ்நாளில் அடித்ததே அந்த 2 கோல்தான். பாவம் குரோஷியா!

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்தை 2-1 என வென்றபோது வெற்றி கோல் ஷூக்கருடையது. அர்ஜென்டினாவின் பாட்டிஸ்டுட்டாவுக்கும் இத்தாலியின் வியேரிக்கும் ஆளுக்கு 5 கோல், இவருக்கு 6. அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் இவருக்கே. அந்த ஆண்டு சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதில் பிரான்ஸின் ஸிடானுக்கு அடுத்த இடம்.

[திரை: ஆர்சனல், வெஸ்ட் ஹாம், 1860 மியூனிக் சட்டைகள்]

குரல்: அதன்பின் இறக்கம்தான். ஐரோப்பிய கிளப்புகளுக்கான 2000 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில், பெனால்டி ஷூட் அவுட்டில் ஆர்சனலுக்காக இவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

2012 முதல் 2021 வரை குரோஷிய கால்பந்து சம்மேளனத் தலைவர். இந்தப் பதவிதான் அவர் செல்வாக்கைப் பதம்பார்த்தது. சம்மேளன நிர்வாகத்தின் மேல் கோபம் கொண்ட ரசிகர்கள் 2016 யூரோவில், செக் குடியரசுடனான ஆட்டத்தின் நடுவே தீப்பந்தங்களை மைதானத்துக்குள் வீசினார்கள், ஆட்டமே நின்றது. தலைவர் ஷூக்கரைத் திட்டியவர்கள்கூட 9-ஆம் எண் ஷூக்கரைத் திட்டுவதில்லை. குரோஷியாவுக்காக 69 ஆட்டங்களில் அவர் அடித்த 45 கோலை இன்னும் யாரும் தாண்டவில்லை.